பூ பார்க்கப் போகிறோம்

யாக்கூப்புக்குப் பூக்களைத் துணியில் பார்த்துத்தான் பழக்கம். துபாயில் தேரா பக்கம் ஒரு மொத்தத் துணிக்கடையில் பதினேழு வருடம் நின்றவன் அவன். கத்திரிப்பூ கலர், ராணி கலர், மாம்பழ மஞ்சள், மிளகாய்ப்பழச் சிவப்பு என்று துணியை விரித்துப் போட்டே காலம் கழிந்தது. நாற்பத்து மூன்றாவது வயதில், மனைவி அலிமாவைப் பெங்களூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பகலெல்லாம் போக இடமில்லாமல் நடந்த ஒரு நாளில்தான் முதன்முதலாக ஒரு மரத்தடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

அலிமாவுக்கு நோய் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தென்காசியில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்தான். அந்தச் சுவர்களுக்குள்ளிருந்து தெருப் பெண்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பாள். சுவரிலிருந்த ஆணித் துளைகளையெல்லாம் பழந்துணியைத் திணித்து அடைத்து வைத்திருந்தாள். அப்படியும் கேட்கிறது என்று எந்நேரமும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். யாக்கூப் லீவில் வரும்போதெல்லாம் ஓதிப் பார்த்தார்கள். திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டினார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருப்பாள், பிறகு பழையபடி. இந்த வருடம் அவள் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டு மார்ச்சில் ஓடி வந்தவன், திருநெல்வேலி டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு ஏப்ரல் முதல் வாரத்தில் அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப் போனான். மகள் சமீனா எட்டாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்ததால் அவளைச் சவூதியில் வேலை பார்க்கும் தன் அண்ணன் முகம்மது சலீமின் வீட்டில் விட்டிருந்தான். துணைக்கு அலிமாவின் தங்கை ஹுஸ்னா வந்தாள்.

பெண்கள் வார்டில் நோயாளியோடு ஒரு பெண்தான் தங்கலாம். ஆண்கள் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போய்விட வேண்டும். முதல் இரண்டு நாளும் யாக்கூப் வார்டு வாசலிலேயே நின்றான்.

மூன்றாம் நாள் ஹுஸ்னா வெளியே வந்து சொன்னாள். "இங்கன நின்னு என்ன செய்யப் போறீங்க மச்சான்? ராத்தா ஊசி போட்டுத் தூங்குதா. ரூமுக்குப் போய்ப் படுங்க. நாலு மணிக்கு வாங்க."

ரூமில் காற்றில்லை. அவன் ரோட்டில் இறங்கி நடந்தான். எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்க்கவில்லை. ஒரு திருப்பத்தில் நிமிர்ந்தபோது எதிரே ஒரு மரத்தில் கத்திரிப்பூ கலரில் யாரோ துணியை உதறிக் காயப் போட்டது மாதிரி இருந்தது. கிட்டப் போனான். துணி இல்லை. ஒற்றை இலைகூட இல்லாமல் மரம் பூராவும் பூ. கீழே நடைபாதையிலும் பூ. நின்றிருந்த ஆட்டோவின் கூரையிலும் பூ. ஆட்டோக்காரன் தமிழ் பேசினான். இதுக்கே நிக்கிறீங்களே, லால்பாக் உள்ள போய்ப் பாருங்க என்று வழி சொன்னான்.

டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனவன் மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை. மிளகாய்ப்பழச் சிவப்பில் குடை விரித்து நின்ற மரங்களைப் பார்த்தான். பொன் மஞ்சளாகப் பூ உதிர்ந்து கிடந்த பாதையில் மிதிக்க மனமில்லாமல் ஓரமாக நடந்தான். பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்களில் ரோஸ் கலர்க் குஞ்சம் தொங்கியது. நாகலிங்க மரத்தடியில் ஒரு பூவைக் கையில் எடுத்து முகர்ந்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று வெட்கத்தோடு திரும்பிப் பார்த்தான். ஏரிக்கரையில் வயதானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை வைத்திருந்தார்கள். அவனும் செருப்பைக் கழற்றினான். கடைக்கு வரும் பெண்களிடம் "இது கெட்டிச் சாயம், வெளுக்காது" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான்! அந்த நிறமெல்லாம் இங்கே யாருக்கும் விற்பதற்கில்லாமல் மரத்தில் இருந்தது. போன் எடுத்துப் படம் பிடித்துப் பிடித்து சமீனாவுக்கு அனுப்பினான்.

அவளிடமிருந்து பதில் வந்தது. "சூப்பர் வாப்பா. உம்மா எப்படி இருக்காவ?"

அப்போதுதான் மணி பார்த்தான். நாலே முக்கால்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது. அலிமா கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு மணியிலயிருந்து இப்படியே இருக்கா," என்றாள் ஹுஸ்னா.

"டிராபிக்," என்றான் யாக்கூப்.

மறுநாளும் போனான். அதற்கடுத்த நாளும் போனான். காலையில் வார்டு வாசலில் ஹுஸ்னாவிடம் இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு நேராக அங்கேதான். ஒரு நாள் கப்பன் பார்க்குக்குப் போய் மூங்கில் புதர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட இப்படி மூச்சு விட்டதில்லை என்று தோன்றும். உடனே, பெண்டாட்டியைப் பூட்டி வைத்துவிட்டு மனிதன் சந்தோஷமாக இருக்கலாமா என்று தோன்றும். இரண்டும் ஒன்றை ஒன்று விரட்டவில்லை. சாயங்காலம் மூன்றரைக்கே வார்டு வாசலுக்கு வந்து நின்றுவிடப் பழகிக்கொண்டான்.

பதினாறாம் நாள் டாக்டர் அம்மாள் அவனைக் கூப்பிட்டார். அரைகுறைத் தமிழில், அலிமா இப்போது சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், தங்கையும் கூட வருவதானால் இரண்டு மணி நேரம் வெளியே கூட்டிப் போகலாம் என்றார். எங்கே கூட்டிப் போவீர்கள் என்று கேட்டார்.

"எனக்கு ஒரு இடம் தெரியும்," என்றான் யாக்கூப்.

ஆட்டோவில் வரும்போது அலிமா தலையைக் குனிந்து ஹுஸ்னாவின் கையை இறுகப் பிடித்திருந்தாள். காதில் பஞ்சு இருந்தது. கேட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகும் அவள் தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தரையெல்லாம் கத்திரிப்பூ நிறமாக மாறிய இடத்தில் நின்றாள். மெதுவாக நிமிர்ந்தாள்.

"இதெல்லாம் யாரு வச்சது?" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"அந்தக் காலத்து ராஜா யாரோ."

"தண்ணி யாரு ஊத்துதா?"

"ஆள் இருக்காங்க."

அவள் புல்லில் உட்கார்ந்தாள். ஹுஸ்னாவும் உட்கார்ந்தாள். காற்று வந்தபோது பூ ஒவ்வொன்றாக இறங்கி அவள் மடியிலும் தலையை மூடியிருந்த சேலையிலும் விழுந்தது. அவள் தட்டிவிடவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். காத்திருந்தாள். பிறகு அடுத்த காதிலிருந்தும் எடுத்தாள். ஹுஸ்னா யாக்கூப்பை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் அசையாமல் இருந்தான்.

"இங்கன சுவரே இல்லேங்க," என்றாள் அலிமா. "யாரும் ஒண்ணும் சொல்லல."

அன்றைக்கு அவள் மிளகாய்ப்பொடி போட்ட மாங்காய் கேட்டு வாங்கித் தின்றாள். அணிலுக்குப் போட்டாள். அது தின்னவில்லை என்று சிரித்தாள். ஒரே மாதிரி ஷூ போட்டுக்கொண்டு கையை வீசி வேகமாக நடந்த கிழத் தம்பதியைக் காட்டி, "ஏட்டி, அங்க பாரு, பரேடு போறாங்க," என்று தங்கையை இடித்தாள். ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் அவனை நிறுத்தி, இது என்ன கலர் என்று கேட்டாள். அவன் கடையில் சொல்லும் பெயர்களைச் சொன்னான். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். கல்யாணமாகி இரண்டாவது மாதம் துபாய்க்குப் போனவன் அவன். அவளோடு இப்படி நடந்ததே இல்லை.

டிஸ்சார்ஜ் ஆவதற்குள் இன்னும் நாலு தடவை கூட்டிப் போனார்கள். கடைசி நாள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது அலிமா கேட்டாள். "நாம இங்கனயே இருந்துரலாமா?"

"சமீனா இருக்காளே."

"அவளையும் கூட்டிட்டு வந்துரலாம்."

"சரி. பள்ளிக்கூடம் லீவு விடட்டும், பார்க்கலாம்."

பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். அவள் தலையை ஆட்டி, அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் கடைசியில் தென்காசிக்குத் திரும்பினார்கள். மே மாதம் பூராவும் வீட்டில் ஒரு குறையுமில்லை. அலிமா சமைத்தாள். சமீனாவோடு உட்கார்ந்து டிவி பார்த்தாள். மாத்திரையை அவன் கையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை கேட்பாள். "பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சே, எப்போ போறோம்?" வெயில் குறையட்டும் என்றான். ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, காலாண்டு லீவுக்குப் போகலாம் என்றான். அவனுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது.

ஜூலையில் ஒரு நாள் மெத்தையைத் தூக்கிப் போட்டபோது அடியில் மாத்திரைகள் கொட்டிக் கிடந்தன. மூன்று வாரத்து மாத்திரை. யாக்கூப் அவற்றைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு நின்றான்.

"கை நடுங்குது. வாய் குழறுது," என்றாள் அலிமா. "மாத்திரையா என்னையச் சரியாக்கினது? அந்த இடம்லா சரியாக்கினது."

அதற்குள் சுவர் மறுபடியும் பேச ஆரம்பித்திருந்தது. அவள் காதில் பஞ்சு வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் நுழைந்து, காகிதப்பூக் கொடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் ஆளையே காணோம். மத்தியானம் வரை தேடினார்கள். ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது. பெங்களூர் போகணும் என்று கிடைத்த பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். கண்டக்டர் ஆலங்குளத்தில் இறக்கி ஒரு டீக்கடை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். யாக்கூப் பைக்கில் பறந்து போனபோது அவள் பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பையில் இரண்டு சேலை, சமீனாவின் ஒரு சுடிதார்.

"வந்துட்டீங்களா? டிக்கெட் எடுத்தாச்சா?" என்றாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் அவள் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள். ஊருக்குப் போகிறோம், பிள்ளையை அனுப்புங்கள் என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு தெளிவாகக் கேட்டிருக்கிறாள். டீச்சருக்குச் சந்தேகம் வரவில்லை. வெளியே வந்ததும் சமீனா வர மாட்டேன் என்றிருக்கிறாள். அலிமா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டின் குறுக்கே ஓடினாள். லாரிக்காரன் பிரேக் போட்டான். போட்டும் சமீனா தூக்கி எறியப்பட்டாள். இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. யாக்கூப் போய்ச் சேர்ந்தபோது மகளை யாரோ மடியில் போட்டிருந்தார்கள். அலிமா ரோட்டோரம் நின்று, "பஸ் போயிரும், பஸ் போயிரும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடிந்ததும் சமீனா அவனைப் பார்த்துச் சொன்னாள். "உம்மா மேல எனக்குக் கோவம் இல்ல வாப்பா. ஆனா உம்மா வீட்டுல இருந்தா நான் அங்க வர மாட்டேன்."

அவள் அழுதிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அவளை மறுபடியும் அண்ணன் வீட்டில் கொண்டு விட்டான்.

அண்ணன் சலீம் சவூதியிலிருந்து போன் போட்டார். "ஏலே யாக்கூப், பிள்ளையக் காவு குடுத்துட்டுத்தான் முழிப்பியா? குத்தாலத்துல புத்தி கலங்கினவங்கள வச்சுப் பார்க்க ஒரு வீடு இருக்குல்லா, அங்க கொண்டு விடு. அருவித் தண்ணி விழுந்தா தலைச் சூடு இறங்கும். எத்தனை பேர் சரியாகிப் போயிருக்கான்! நீ ஊருக்கு வந்தும் செப்டம்பரோட ஆறு மாசம் முடியுது. அதுக்குள்ள போகலைன்னா விசாவும் போயிரும், வேலையும் போயிரும்."

யாக்கூப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். கூட்டி வாருங்கள், ஆனால் துணைக்குப் பெண் ஒருவர் வேண்டும் என்றார்கள். ஹுஸ்னாவுக்கு அப்போதுதான் நாலாவது மாதம். எழுந்து நடமாடக்கூடாது என்று டாக்டர் சொல்லி, புளியங்குடியில் புருஷன் வீட்டில் படுக்கையில் இருந்தாள்.

"வேற யாரையாவது துணைக்குத் தேடிப் பிடிங்க மச்சான்," என்றாள் அவள் போனில். "அவ அங்க போனாத்தான் சரியாவா. குத்தாலம் வேண்டாம். சொன்னாக் கேளுங்க."

அவன் இரண்டு பேரைக் கேட்டான். இருவரும் மாட்டேன் என்றார்கள். மூன்றாவது ஒருத்தியைக் கேட்க அவனுக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால் அவன் களைத்துப் போயிருந்தான்.

ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு தோப்புக்குள் அந்த வீடு இருந்தது. தகரக் கூரை போட்ட இரண்டு நீளக் கூடம், நாலாபுறமும் சுவர், ஒரு இரும்புக் கேட். பெயர்ப் பலகை இல்லை. அங்கே பெண்களைப் பார்த்துக்கொள்ள ஜெஸி என்று ஒருத்தி இருந்தாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், செங்கோட்டைக்காரி. விடியுமுன்னே கூட்டம் வருவதற்கு முன்னால் அருவியில் குளிக்க வைத்து, தலைக்கு எண்ணெய் தேய்த்து, கஞ்சி கொடுப்போம் என்று சொன்னாள். அவள் முகம் நல்ல முகமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் யாக்கூப் சரி என்றான்.

ஆனால் அலிமா வீட்டைவிட்டு இறங்க மாட்டேன் என்றாள். சமீனாவுக்கு அடிபட்டதிலிருந்து கதவுக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். யார் தொட்டாலும் கத்தினாள். கார் வந்து தெருமுனையில் நின்று அரை மணி நேரம் ஆயிற்று. நாலு பேர் பிடித்துத் தூக்கிவிடலாம் என்று தெருவில் சொன்னார்கள். யாக்கூப் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் குந்தினான்.

"அலிமா. பெங்களூர் போகலாம். பூ பார்க்க."

அவள் கத்துவதை நிறுத்தினாள். அவன் முகத்தையே பார்த்தாள்.

"நிசமாவா?"

"கார் வந்திருக்கு."

அவள் எழுந்து குளித்தாள். தலை வாரினாள். லால்பாக்குக்குக் கட்டிக்கொண்டு போன அதே பச்சைச் சேலையைத் தேடி எடுத்தாள். பையில் துணி அடுக்கினாள். "சமீனா?" என்றாள். கை சரியானதும் கூட்டிட்டு வரலாம் என்றான். சரி என்றாள். தானாகவே காரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கார் ஓட்டியவர் கடற்கரை என்பவர், தெரிந்த ஆள்தான். அவர் கண்ணாடியில் யாக்கூப்பைப் பார்த்தார். 

"குத்தாலத்துல ஒரு ஆளை ஏத்திக்கிட்டுப் போகணும்," என்று யாக்கூப் அவளிடம் சொன்னான்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நனைத்துக்கொண்டாள். ஈரத் துண்டோடு போகிற கூட்டத்தைப் பார்த்தாள். ரோட்டோரம் குவித்து வைத்திருந்த ரம்புட்டானைக் காட்டி, வழியில் தின்ன வாங்கலாமா என்று கேட்டாள். அவன் இறங்கி வாங்கிக் கொடுத்தான். இந்நேரம் அங்கே எந்தக் கலர் பூத்திருக்கும் என்று கேட்டாள். சமீனாவின் கையை நினைத்து ஒரு தடவை கண் கலங்கினாள். "நான்தான் இழுத்தேன். அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்," என்றாள். அந்த இருபது நிமிடமும் அவள் நோய் இல்லாத பெண்ணாக இருந்தாள். காதில் பஞ்சுகூட இல்லை. திரும்பிப் போகலாம் என்று கடற்கரையிடம் சொல்ல யாக்கூப் இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டு தடவையும் மகளின் கட்டுப் போட்ட கை கண்ணில் வந்து நின்றது.

கேட் திறந்தது. ஜெஸி வந்து அலிமாவின் கையைப் பிடித்து இறக்கினாள்.

"நீங்கதான் வாரீங்களா எங்க கூட?" என்று அலிமா அவளிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள். "பெங்களூர் பார்த்திருக்கீங்களா?"

ஜெஸி யாக்கூப்பைப் பார்த்தாள். அவன் குனிந்து பையை எடுத்துத் தரையில் வைத்தான். கூடத்து வாசலில் தலை மழித்த பெண்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி சுவரைப் பார்த்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். அலிமா அவர்களைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"பூ பாக்கல்லா போறோம்னு சொன்னீங்க?"

அவன் காரைப் பார்த்து நடந்தான். பின்னாலிருந்து கத்தல் வரும் என்று கழுத்தை இறுக்கிக்கொண்டு நடந்தான். வரவில்லை. கேட் மூடுகிற சத்தம்தான் வந்தது.

பழைய குற்றாலம் விலக்கு தாண்டிய பிறகு கடற்கரை பேசினார். "மனசு விடாதீங்க அண்ணாச்சி. எந் தம்பிய நானும் இப்படித்தான் கொண்டு விட்டேன்."

"இப்ப எப்படி இருக்கான்?"

அவர் ஹாரன் அடித்தார். 

முதல் இரண்டு வாரம் பார்க்கக்கூடாது என்றார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போனான். அலிமாவின் தலையை மழித்திருந்தார்கள். இளைத்திருந்தாள். அவன் கொண்டுபோன அல்வாவை ஜெஸி ஊட்டினால் வாங்கிக்கொண்டாள். அவனைப் பார்க்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"ஒரு தொந்தரவும் இல்ல அண்ணாச்சி," என்றாள் ஜெஸி. "அருவிக்குப் போன்னா போறா. வான்னா வாறா. பேச்சு மட்டும் கிடையாது."

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறு அவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவள் கத்தியிருக்கலாம், அடித்திருக்கலாம், முகத்தில் துப்பியிருக்கலாம். இந்தப் பேசாமை என்ன என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மறுநாளே போய் ஜெஸியிடம் கேட்டான். பெங்களூர் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க ஒரு பெண் வேண்டும், நீங்கள் வர முடியுமா என்று.  "வாரேன்," என்றாள். "இங்கன இருந்தா அவங்க சரியாக மாட்டாங்க. நான் பார்த்துட்டுத்தான இருக்கேன்."

செப்டம்பர் மூன்றாவது வாரம், ஒரு காலையில், கடற்கரையின் காரோடு போய் இறங்கினான். ஜெஸி பையோடு தயாராக நின்றாள். அலிமா கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். யாக்கூப் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அலிமா, பெங்களூர் போறோம். இந்தத் தடவை நிசமாத்தான். ஆஸ்பத்திரியில சொல்லி வச்சாச்சு. ஜெஸியும் வாரா."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"அல்லா மேல சத்தியமாச் சொல்லுதேன். தினம் சாயங்காலம் லால்பாக் போகலாம். இங்க பாரு." அவன் போனில் படத்தை எடுத்துக் காட்டினான். அவளே அந்தக் கத்திரிப்பூ கலர் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற படம், மடி நிறையப் பூவோடு. ஹுஸ்னா எடுத்தது.

அலிமா படத்தைப் பார்த்தாள். பிறகு போனை அவன் கையிலிருந்து வாங்கித் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க," என்றாள்.

குரலில் கோபம் இல்லை. அவன் மறந்துவிட்ட ஒன்றை ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னாள். ஆறு வாரத்தில் அவள் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான். அதன் பிறகு அவன் எவ்வளவு சொல்லியும் அவள் பேசவில்லை. ஜெஸி கெஞ்சிப் பார்த்தாள். கம்பியைப் பிடித்த விரல்களை விடுவிக்கப் பார்த்தாள். அலிமாவின் விரல் மூட்டுகள் வெளுத்துப் போயின. ஆண்கள் கூடத்திலிருந்து இரண்டு ஆட்கள் வந்து, "தூக்கிரலாமா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். யாக்கூப் வேண்டாம் என்று கையைக் காட்டினான். அவளைத் தூக்கிக் காரில் போட்டுப் பெங்களூர் வரை கட்டிப்பிடித்துக் கொண்டு போகலாம். ஆஸ்பத்திரியிலும் சேர்க்கலாம். அதன் பிறகு அந்த மரத்தடிக்கு அவளை எப்படிக் கூப்பிடுவது?

மறுநாளும் கார் கொண்டு போனான். அதற்கு மறுநாளும் போனான். கார்ச் சத்தம் கேட்டதுமே அவள் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள் என்று ஜெஸி சொன்னாள். அதோடு நிறுத்தினான்.

செப்டம்பர் முடிந்து விசாவும் போயிற்று. சலீம் போனில் கத்தினார். யாக்கூப் போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டான். தென்காசி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சமீனா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கட்டுப் பிரித்த கை கொஞ்சம் வளைந்துதான் சேர்ந்திருந்தது.

நவம்பரில், மழை பிடித்துக்கொண்ட நாளில், ஹுஸ்னா ஏழு மாத வயிற்றோடு குற்றாலத்துக்கு ஆட்டோவில் வந்தாள். அவள் புருஷன் யாசர் எலுமிச்சை கமிஷன் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தான். யாக்கூப்பைக் கேட்டின் பக்கம் வர வேண்டாம் என்று ஹுஸ்னா சொல்லிவிட்டாள். அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடையின் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்று பார்த்தான். ஹுஸ்னா உள்ளே போய் அரை மணி நேரத்தில் அலிமாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். எங்கே போகிறோம் என்று அலிமா கேட்டாளாம். புளியங்குடிக்கு, என் வீட்டுக்கு, அங்கே பூவும் கிடையாது ஒண்ணும் கிடையாது, சோறு உண்டு, நான் உண்டு என்று ஹுஸ்னா சொன்னாளாம். அலிமா நனைந்துகொண்டே நின்று ஆட்டோவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினாள்.

இப்போது அவள் ஹுஸ்னா வீட்டில்தான் இருக்கிறாள். திருநெல்வேலி டாக்டர் மாதம் ஒரு ஊசி போடுகிறார். மாத்திரையை ஹுஸ்னா கண்ணெதிரே போட வைக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பிறந்த குழந்தையைச் சில நேரம் மடியில் போட்டுக்கொள்கிறாள். காதில் பஞ்சு இருக்கிறது. வீட்டு வாசற்படியைத் தாண்டுவதில்லை. பெங்களூர் டாக்டரிடம் ஒரு தடவை காட்டலாம் என்று யாசர் பேச்செடுத்தபோது இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள்.

யாக்கூப் முதலில் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்தான். அவன் குரல் கேட்டதும் அவள் அடுக்களைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். "கார் கொண்டு வந்திருக்காங்களா, பாரு," என்று கதவுக்குப் பின்னாலிருந்து தங்கையிடம் கேட்டது அவன் காதில் விழுந்தது. பஸ்ஸில்தான் வந்திருக்காங்க என்று ஹுஸ்னா சொல்லியும் கதவு திறக்கவில்லை. அதன் பிறகு அவன் போவதில்லை.

சமீனா போகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைப் புளியங்குடிக்குக் கூட்டி வந்து தெருமுனையில் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்பில் யாக்கூப் காத்திருப்பான். முதல் இரண்டு தடவை அவள் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டாள். போன வாரம் ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. அவன் எழுந்து தெருமுனை வரை போவதும் திரும்பி வருவதுமாக இருந்தான். கடைசியில் அவள் தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். தலையில் இறுக்கமாக இரட்டைச் சடை.

"உம்மா ஏதும் சொன்னாளா?"

"இல்ல."

"எங்கிட்ட ஏதும் சொல்லச் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல வாப்பா. தலை மட்டும் பின்னி விட்டாவ."

 தென்காசி பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. மகளை முன்னால் ஏற்றிவிட்டு அவன் பின்னால் ஏறிக்கொண்டான்.